தண்ணீர்ப் படம் கிடைக்கவில்லை

...படகில் கால் வைத்ததும் கேம் நின்றுவிடுகிறது, வைத்ததும், அவ்வளவுதான், திரை கறுத்துவிடுகிறது, காலையிலிருந்து இதையே பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண் பூத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் ஆற்றுக் காட்சியையே வெட்டிவிடலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார், சொல்வது அவருக்குச் சுலபம், அந்த ஆற்றை வரைந்தது அவன் மனைவி, இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள், கரையில் ஒவ்வொரு நாணலாக வரைந்தாள்... கேம் ஓடும்போது உள்ளே நடப்பதையெல்லாம் லாக் எழுதிக்கொண்டே போகும், தகவல், எச்சரிக்கை, பிழை என்று தரம் பிரித்து. அவன் பிழைகளை மட்டும் காட்டச் சொல்லி வைத்திருந்தான், வேறென்ன செய்வது, தகவலைத் திறந்தால் கதவு திறந்தது, காற்று அடித்தது, கொக்கு பறந்தது என்று ஒரே இரைச்சல். ஆனால் பிழைப் பக்கம் காலி. ஒரு வரி இல்லை. பிழையே இல்லாமல் ஒன்று எப்படிச் சாகும்?

சரி, எல்லாவற்றையும் திறந்துவிடு, குடியா முழுகிப்போகும்... வரிகள் கொட்டின, அடியிலிருந்து மேலே ஏறினான், காற்று, கொக்கு, மறுபடி கொக்கு, அப்புறம், இது என்ன? தகவல்: தண்ணீர்ப் படம் கிடைக்கவில்லை, தொடர்கிறேன். தொடர்கிறாயா! எந்தப் புண்ணியவான் இதைப் போய்த் தகவல் என்று எழுதினான்? படகின் பிம்பம் விழத் தண்ணீரே இல்லை, அதனால்தான்... அந்தப் படத்தின் கோப்பைத் தேடினான், பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. திருத்தினான். அந்த வரியையும் பிழையாக்கினான், இனிமேல் சிவப்பில் கத்தட்டும். படகில் கால் வைத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. படகு அசைந்தது, நகர்ந்தது, நாணல்கள் விலகின, அப்பாடா, அப்பாடா...

"ஓடுது, வந்து பாரு."

அவள் வந்து நின்றாள். "நிஜமாவா?" என்று சிரித்தாள், சிரிக்கும்போதே அவன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இனி வெட்ட மாட்டாங்கல்ல?"

"எங்கே வெட்டுறது, இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

எழுந்திருக்க வேண்டியவன் எழவில்லை. காலையில் மேலாளர் வெட்டலாம் என்றபோது இவள் என்ன சொன்னாள்? "சரிங்க சார்." அவ்வளவுதான், டீயை உறிஞ்சிக்கொண்டே, இவளுக்கு அவ்வளவு வருத்தமில்லை போலிருக்கிறது என்று அவன்கூட நினைத்தானே. வீடு மாறலாமா என்று கேட்டபோதும் சரி என்றாள், அவன் அம்மா வந்து இருக்கட்டுமா என்று கேட்டபோதும்... காலையில் சொன்ன அதே குரலில்தானா? திரையில் படகு அக்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் கை இன்னும் நாற்காலியை விடவில்லை.