தோள் பார்த்த திசை

அந்தோணிராஜின் வலது காறை எலும்பு உடைந்ததற்குப் பாஸ்கல்தான் காரணம். அப்படி யாரும் சொல்லவில்லை. குமணன்சாவடி முனையில் திரும்பிய பஸ் ஒன்று பாஸ்கல் ஓட்டிப்போன மொபெட்டின் கைப்பிடியை உரசியது. பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை செலினின் புருஷன் அந்தோணிராஜ் தூக்கியெறியப்பட்டான். ஓட்டியவனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு சரி. விசாரிக்க வந்த போலீஸ்காரர்கூட பஸ்காரனைத்தான் திட்டினார். ஆனால் பஸ் திரும்புவதற்குள் முந்திவிடலாம் என்று நினைத்து முறுக்கியது தன் கைதான் என்பது பாஸ்கலுக்குத் தெரியும். இது நடந்தது எண்பத்தேழில்.

அந்தோணிராஜ் ஆவடியில் பட்டாளத்துக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் அதிகாரிகளுக்குப் பை தூக்குகிறவன். அந்த வேலைக்குப் பெயர் ‘கேடி’ என்று அவன் பெண் பார்க்க வந்த நாளில் சொல்லப்போக, பாஸ்கலின் அம்மா பயந்து எழுந்தே விட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கும் கேடி வேறு, இது வேறு என்று விளக்கிக் கல்யாணத்தை முடித்து வைத்தது பாஸ்கல்தான்.

மைதானம் பெரிசாக ஒன்றுமில்லை. ஒன்பது குழி. புல் முளைத்த இடத்தைவிடக் காய்ந்த இடம் அதிகம். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி மட்டம் பண்ணியிருப்பார்கள். திங்கட்கிழமைகளில் அதிகாரிகள் வரமாட்டார்கள், கேடிகள் ஆடிக்கொள்ளலாம். யாரும் சொல்லித் தராமல், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட ஆட்டம் அந்தோணிராஜுடையது. கர்னல்கள் அவன் அடிப்பதை நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். விபத்துக்கு முன்னால் அவன் அடித்த பந்து கயிறு கட்டி இழுத்தாற்போல் குழியில் நட்ட கொடியை நோக்கிப் போகும்.

எலும்பு கூடியது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடியதில் வலது தோள் கொஞ்சம் முன்னால் வந்து தொங்கிவிட்டது. சட்டை போட்டால் தெரியாது. பந்துக்குத் தெரிந்தது. கிளம்பும்போது நேராகத்தான் கிளம்பும். பாதி தூரம் போனதும் வலது பக்கம் வளைந்து, முள்ளுக்காட்டில் போய் விழும். பிடியை மாற்றினான், மட்டையை மாற்றினான், காலை அகட்டினான், குறுக்கினான். ஒன்றரை வருஷம் முள்ளுக்காட்டில் பந்து தேடினான்.

பாஸ்கல் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் டர்னர். லேத்தில் சுழலும் இரும்பு ஒரு நூல் கோணலாக ஓடினாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. பட்டறைக்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை. கோல்ஃபைப் பற்றி ஒரு எழுத்தும் அறியாத அவன், ஒரு திங்கட்கிழமை காலை சும்மா பார்க்கப் போனவன், அந்தோணிராஜ் பத்துப் பந்து அடிக்கும்வரை பின்னால் நின்று பார்த்தான். பதினோராவது பந்துக்கு நிற்கும்போது குரல் கொடுத்தான்.

“மாப்ளே, அப்டியே நில்லு. ஆடாத.”

பையிலிருந்து ஒரு மட்டையை உருவி, அந்தோணிராஜின் இரண்டு தோளுக்கும் குறுக்கே மார்போடு சேர்த்து வைத்துப் பிடித்தான்.

“குனிஞ்சு பாரு. இந்தக் கம்பு எங்க காட்டுது?”

அந்தோணிராஜ் தலையைத் திருப்பிப் பார்த்தான். மட்டையின் முனை கொடிக்கு வெகு இடப்புறத்தில் நின்ற தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது.

“உன் காலு கொடியப் பாக்குது. தோளு தண்ணித் தொட்டியப் பாக்குது. வலது தோளு முன்னாடி வந்துகினு கீது மாப்ளே. தோளு எங்க பாக்குதோ கையி அங்கதான இழுக்கும்? நீ குறுக்கால அறுக்கற. பந்து சுத்திகினு வலப் பக்கம் ஓடுது.”

“நான் நேராத்தான நிக்கறேன்.”

“நீ நேரா நிக்கறதா நெனச்சுகினு கீற.”

பாஸ்கல் அவன் வலது தோளைப் பிடித்து மெல்ல பின்னால் இழுத்தான். அந்தோணிராஜ் பல்லைக் கடித்தான். மட்டை கொடியைப் பார்க்கும்வரை இழுத்தான்.

“இப்பத்தான் கோணலா நிக்கற மாதிரி கீது மச்சான்.”

“இருக்கட்டும். அப்டியே அடி.”

பந்து போன போக்கை இருவரும் பார்த்தார்கள். அது வளையவே இல்லை. அந்தோணிராஜ் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். வலியால் உட்கார்ந்தானா வேறெதனால் உட்கார்ந்தானா என்று பாஸ்கல் கேட்கவில்லை. தான் உடைத்ததைத் தன் கண்ணே சரி பண்ணிவிட்டது என்று நினைத்தபடி அடுத்த பந்தை எடுத்து வைத்தான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரு திங்கட்கிழமை தவறவில்லை. மற்ற நாட்களில் செலின் பார்த்துக்கொண்டாள். காலையில் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் புருஷனை நிறுத்தி, துடைப்பக் கட்டையைத் தோளுக்குக் குறுக்கே வைத்து, “வலது இன்னும் பின்னால, இன்னும்” என்பாள். அவன் முகம் சுருங்குவதைப் பார்த்தால் கையை எடுத்துவிடுவாள். “எடுக்காத செலினு, பிடி” என்பான் அவன். பழக்கத்தில் வலி குறையவில்லை. வலியோடு நிற்கப் பழகினான், அவ்வளவுதான்.

எண்பத்தொன்பது செப்டம்பரில் நகரத்துப் பெரிய கிளப் ஒன்றில் கேடிகளுக்கான தேர்வு வந்தது. இரண்டு நாள், முப்பத்தாறு குழி, குறைந்த அடிகளில் முடிப்பவன் முன்னால். முதல் எட்டுப் பேருக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற அட்டை. முப்பது வயதுக்குள் இருக்கவேண்டும். அந்தோணிராஜுக்கு வரும் மார்ச்சில் முப்பது முடிகிறது. ஒரு மேஜர் கடிதம் கொடுத்தார். பை தூக்கப் பாஸ்கல் பட்டறையில் லீவு சொன்னான்.

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடத்தில் இருவரும் பழகின முறைப்படியே செய்தார்கள். அந்தோணிராஜ் பந்துக்கு நேரே நிற்பான். பாஸ்கல் அவன் குதிகாலுக்குப் பின்னால் ஒரு மட்டையைத் தரையில் கொடியைப் பார்க்கப் போடுவான். பின்னால் போய்ப் பார்த்து, தரையில் கிடக்கும் மட்டையும் தோளும் ஒன்றாக ஓடும்வரை சொல்வான். “வலது பின்னால... இன்னும் ஒரு நூலு... போதும்.” பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு விலகிவிடுவான்.

“அடிக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா எடுத்துடணும் மச்சான்” என்று முதல் நாள் காலையிலேயே அந்தோணிராஜ் சொல்லியிருந்தான். காலில் தட்டும் என்பதற்காகச் சொல்கிறான் என்று பாஸ்கல் நினைத்துக்கொண்டான்.

முதல் நாள் முடிவில் பதினோராவது இடம். இரண்டாம் நாள் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தான். பதினேழாவது குழிக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கூட ஆடிய ரகுநாதன் வேறொரு கிளப்பின் கேடி. அந்தோணிராஜின் அடிக் கணக்கை எழுதும் பொறுப்பு அவனுடையது. எழுதும் அட்டை நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவன் ஒரு மரத்தடிக்குப் போனான். பாஸ்கலுக்கு ஒரு கையில் குடை, தோளில் பை, இன்னொரு கையில் துண்டு. மட்டையைப் போட்டான், தோளைப் பார்த்தான். “போதும்” என்றான். குடையைக் காற்று திருப்பியது. அதைப் பிடித்து நிமிர்த்துவதற்குள் அந்தோணிராஜ் அடித்துவிட்டான்.

மழைக்குள் அந்தப் பந்து ஒரு கோடு கிழித்துப் போனது. ரகுநாதன் மரத்தடியிலிருந்து “ஆகா!” என்றான். எல்லாரும் பந்தையே பார்த்திருந்தார்கள். பாஸ்கல் குனிந்து, தரையில் கிடந்த மட்டையை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டான்.

அந்தோணிராஜ் கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் கிளப் வராந்தாவில் கரும்பலகையில் பெயர்களை எழுதினார்கள். ஆறாவது பெயர் அந்தோணிராஜ். அவன் பலகையைத் தொடப் போனவன்போல் பக்கத்தில் போய் நின்றான். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, செலினுக்குச் சொல்ல வீட்டுத் தெருக்கோடிக் கடைக்கு டெலிபோன் பண்ணப் போனான்.

அந்த நேரத்தில்தான் உலகநாதன் என்ற பெரியவர் பாஸ்கலிடம் வந்தார். வெள்ளைத் தொப்பி, தேர்வுக் குழுவில் ஒருவர். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

“உங்க மச்சானுக்குத் தோள்ல அடிபட்டிருக்கு போலிருக்கே. அந்தத் தோளை வெச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு நேரா அடிக்கறார்?”

பாஸ்கலிடம் அதுவரை யாரும் அவனுக்குத் தெரிந்த ஒன்றை மரியாதையாகக் கேட்டதில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். எலும்பு கூடிய விதத்தை, தண்ணீர்த் தொட்டியை, துடைப்பக் கட்டையை. ஒரு மட்டையைப் பையிலிருந்து எடுத்து வராந்தாவில் போட்டே காட்டினான்.

“இத மாதிரி பின்னாடி போட்டுட்டு தோளப் பாப்பேன் சார். ரெண்டும் ஒண்ணா ஓடணும். பதினேழுல பாத்தீங்களா, மழைல நான் மட்டைய எடுக்கவே இல்ல, கீழதான் கெடந்துச்சு. அடிச்சான் பாருங்க, நூலு புடிச்சாப்ல!”

உலகநாதன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“அடிக்கும்போது மட்டை கீழயா கிடந்தது?”

“ஆமா சார்.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “இதை நீங்க எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்” என்றார். பிறகு உள்ளே போனார்.

பாஸ்கலுக்கு விதியை விளக்கியது ரகுநாதன்தான். திசை காட்ட எதையும் தரையில் போடலாம். அடிக்குமுன் எடுத்துவிடவேண்டும். எடுக்காவிட்டால் இரண்டு அடி கூடும். கூடியிருந்தாலும் எட்டாவதாக உள்ளே வந்திருப்பான். ஆனால் அந்த இரண்டைச் சேர்க்காமல் கணக்கில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. குறைந்த கணக்கில் கையெழுத்துப் போட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். தெரிந்து செய்தாலும் ஒன்றுதான், தெரியாமல் செய்தாலும் ஒன்றுதான்.

கண்ணாடிக் கதவுக்குள் அந்தோணிராஜ் நாலு பேர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவர்கள் ஏதோ கேட்க அவன் வெளியே பாஸ்கலைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நிஜமா என்று தெரிந்துகொள்ளப் பார்த்தான். பாஸ்கலின் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் பக்கம் திரும்பித் தலையாட்டினான்.

பலகையில் ஆறாவது பெயரை ஈரத்துணியால் துடைத்தார்கள். ஒன்பதாவதாக இருந்த ரகுநாதன் எட்டாவதானான். அவன் அந்தோணிராஜிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான்.

சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு வரும் ரயிலில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. வில்லிவாக்கம் தாண்டியதும் பாஸ்கல் ஆரம்பித்தான்.

“எனக்குத் தெரியாது மாப்ளே. மாதா சத்தியமா தெரியாது.”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மச்சான். எடுத்துடணும்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல. சொன்னா நீ பதறிடுவ, கையி நடுங்கும்னு உட்டுட்டேன்.”

“வாய மூடிகினு இருந்திருந்தா...”

“அவரு கேட்டாரு, நீ சொன்ன. பொய்யா சொன்ன?”

“என்னத் திட்டேன்டா.”

அந்தோணிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் வலது தோள் முன்னால் வந்து தொங்கியிருந்தது. இழுத்துப் பிடிக்க இனிக் காரணமில்லை.

வீட்டு வாசலில் செலின் புதுப் புடவையோடு நின்றாள். கடைக்காரர் சொல்லியிருந்தார், ஆறாவது இடம் என்று. பக்கத்து வீட்டு ராணி அக்காவுக்குக் கேசரி கொடுத்தனுப்பியிருந்தாள். புருஷன் நேராக உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பாஸ்கல் வாசலில் நின்றபடியே தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“நீ ஊட்டுக்குப் போண்ணே” என்றாள் கடைசியில்.

அவன் போனான். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் அந்த வீட்டுக்கு அவனைக் கூப்பிடவில்லை. கோயிலில் பூசை முடிந்து கூட்டத்தில் பார்த்தால் அந்தோணிராஜ்தான் வந்து பேசுவான், உடம்பு எப்படி, வேலை எப்படி என்று. செலினோ குழந்தைகளின் பாட்டுக் குழுப் பக்கம் போய் நின்றுகொள்வாள். மார்ச் வந்தது, போனது. அந்தோணிராஜ் திங்கட்கிழமைகளில் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான் என்று கேடி ஒருவன் சொன்னான். பிறகு மற்ற நாட்களிலும்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் செலின் பட்டறை வாசலுக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது.

“அவரு ரெண்டு மாசமா ஊட்லதான் கீறாரு. மைதானம்னு சொன்னாலே எழுந்து போயிடறாரு. இங்க ஏதாவது வேலை பாத்துக் குடுண்ணே.” சொல்லிவிட்டு, “உன்னத்தான் கேக்க முடியுது” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை.

பட்டறையில் ஹெல்ப்பர் வேலைதான் காலி இருந்தது. லாரியில் வரும் இரும்புக் கம்பிகளை இறக்கி மிஷின்களுக்குக் கொண்டுவந்து போடவேண்டும். பாஸ்கல் முதலாளி காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கினான்.

முதல் நாள் காலை அந்தோணிராஜ் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டான். வாசலில் லாரி நின்றது. சூப்பர்வைசர் அவனை ஏற இறங்கப் பார்த்து, கம்பிகளைக் காட்டினார். அவன் இடது தோளில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு குனிந்தான். பாஸ்கல் மறுமுனையைப் பிடிக்கப் போனான்.

“நீ மிஷினுக்குப் போ மச்சான். மணி அடிச்சிட்டான் பாரு.”

“கனம்டா. ரெண்டு பேரா...”

“பழகிக்கறேன். நீ போ.”

பாஸ்கல் தன் லேத்துக்குப் போய் விசையைப் போட்டான். மத்தியானச் சாப்பாட்டு மணி வரை அவன் தலையைத் திருப்பவில்லை. பின்னால் கம்பிகள் தரையில் விழும் சத்தமும், ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவே அந்தோணிராஜ் மூச்சு வாங்குவதும் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.