சாதனாவிடம் சொல்லாதே

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் யாருக்கும் எந்த நோயும் கிடையாது. சந்தேகமிருந்தால் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். எதிர் ஃப்ளாட் பார்வதியம்மாள், கண்புரை ஆபரேஷன் ஆன மறுநாளே கறுப்புக் கண்ணாடியோடு வீடியோவில் உட்கார்ந்து, "இங்கே வெயில் ஜாஸ்திடா" என்று பையனிடம் சொன்னாள். அது ஜூலை மாதம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பையனும் நம்பினான், அல்லது நம்பியதுபோல் இருந்தான். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கட்டிடத்தின் எழுதாத சட்டம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதில்கூட எங்களுக்குள் இவ்வளவு ஒற்றுமை கிடையாது.

இந்தச் சட்டத்தைக் கடைப்பிடிப்பதில் என் கணவர் சுப்ரமணியன் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகிறபோது ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையைப் பிடித்தார். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளிடம் ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

"சாதனாகிட்ட சொல்லாதே" என்றார்.

சாதனா எங்கள் ஒரே பெண். கல்யாணமாகி ஜெர்மனியில், மியூனிக்கில் இருக்கிறாள். அன்றைக்கே போன் செய்தாள். அப்பா பஜனை கோஷ்டியோடு குருவாயூர் போயிருக்கிறார், நெட்வொர்க் கிடைக்கவில்லை என்றேன். "குருவாயூர்லயா கிடைக்கலை?" என்று கேட்டாள். "கூட்டம்டி, எல்லாரும் ஒரே நேரத்துல பேசறா" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு, முகம் ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறது என்று கேட்டவளிடம், "அங்கே ஒருவேளைதான் சாப்பிட்டேன், விரதம்" என்று அவரே அளந்துவிட்டார். விரதமாம்! பால் பாயசம் என்றால் பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுகிற மனிதர்.

இப்போது சாதனாவுக்கு மார்கழியில் பிரசவம். நாங்கள் இருவரும் போகிறோம். அவர் இதுவரை எந்த ஊருக்கும் இப்படிக் கிளம்பியதில்லை. ஸ்வெட்டரை வாங்கி, மும்பை வெயிலில் அதைப் போட்டு நடந்து பார்த்தார். ஜெர்மனி விசாவுக்கு டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று மாப்பிள்ளை சொன்னதும், "அதையெல்லாம் எனக்கா சொல்லித் தரணும்?" என்று சிரித்தார்.

அதுவும் நியாயம்தான். அவர் ரிட்டயரானதே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், பணம் கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் கிளெய்ம்ஸ் பிரிவிலிருந்து. ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, அன்றைக்கு எந்த கிளெய்மைத் தள்ளுபடி செய்தார் என்று கதை சொல்வார். ஆஸ்துமாவை மறைத்தவர், சர்க்கரையை மறைத்தவர் என்று தினம் ஒருத்தர் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்து போவார். "கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்றதுல இவாளுக்கு என்ன கஷ்டம்?" என்று அப்பளத்தை நொறுக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செம்பூரிலிருந்து சாய்நாத் வந்தான். அவருடைய ஆபீஸ் நண்பரின் மகன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். சாதனாவும் வீடியோவில் வந்தாள். அப்பா இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்கிவிடுவார் என்று அவளுக்குப் பயம். போனை டபராவில் சாய்த்து வைத்தேன்.

"பெட்டி தொலைஞ்சா, ஃப்ளைட் லேட்டானா, அதுக்கெல்லாம் கொஞ்சம் பைசா வரும் அங்கிள். ஆனா அசல் விஷயம் ஆஸ்பத்திரிதான்" என்று சாய்நாத் ஆரம்பித்தான். "ஏற்கெனவே இருக்கிற வியாதியை முதல்லயே சொல்லிடணும். சொன்னாலும் அதுக்கு முழு கவர் கிடைக்காது. உயிருக்கு ஆபத்துன்னு வந்தா, அந்த ஆபத்து தாண்டற வரைக்கும் செலவு தருவா, அவ்வளவுதான். ஆனா மறைச்சோம்னா அதுவும் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?"

"மேலே கேளு" என்றார் இவர்.

"பிபி?"

"மாத்திரை சாப்பிடறேன்."

"சுகர்?"

"பார்டர்ல நிக்கறது."

"எந்தப் பக்கத்து பார்டர்ப்பா?" என்று மியூனிக்கிலிருந்து சாதனா சிரித்தாள்.

"ஹார்ட் ப்ராப்ளம்?"

"இல்லை."

"பக்கா?"

"பக்கா" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். கிளெய்ம்ஸ் பிரிவின் பழைய சிங்கம் சொன்ன பதில் இது. எனக்கு வந்த கோபத்தில் டபராவைத் தட்டிவிட்டிருப்பேன், அதில் பெண் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏன்னா, காபிப்பொடி டப்பா மேல் தட்டுல இருக்கு, எனக்கு எட்டலை" என்று அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். மேல் தட்டு அவருக்கும் எட்டாது. ஆனாலும் வந்தார்.

"என்ன பண்றேள்?" என்றேன் மெதுவாக.

"இப்போ சொன்னா, போன வருஷம் மறைச்சது தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே."

"வரவேண்டாம்னு சொல்லிடுவா பாகீ." குரல் இறங்கிப் போயிற்று. "அம்மா மட்டும் வா, அப்பா ரெஸ்ட் எடுக்கட்டும்னுவா. அவ பொறந்தப்போ நான் கல்கத்தா பிராஞ்ச்ல உக்காந்திருந்தேன். தந்தியிலதான் தெரிஞ்சுது. இந்தத் தடவையாவது நான் அங்கே இருக்கணும்."

பயணப் பேச்சு வந்ததிலிருந்து பெண்ணுக்குக் கவலை கொடுக்கக் கூடாது, கொடுக்கக் கூடாது என்று சொன்னதற்கு அடியில் இந்த ஆசைதான் இருந்திருக்கிறது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அங்கே உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, பச்சக்குழந்தையை இடுப்புல வெச்சுண்டு அவதான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவா. கம்பெனிலேர்ந்து, உங்கப்பா உண்மையை மறைச்சுட்டார், வருந்துகிறோம்னு ஒரு லெட்டர் வரும். அந்த லெட்டரை எப்படி எழுதறதுன்னு உங்களைவிட யாருக்கு நன்னாத் தெரியும்?"

அவர் காபிப்பொடி டப்பாவை, அது இல்லாத கீழ்த் தட்டில் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு வேஷ்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"சாய்நாத், அந்த ஹார்ட் கேள்விக்குப் பதிலை மாத்து. ஸ்டென்ட் வெச்சிருக்கு. போன வருஷம், நவராத்திரிக்கு முன்னாடி."

சாய்நாத் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். போனில் லைன் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். போகவில்லை. சாதனா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"குருவாயூர் போயிருந்தேளே, அப்போவா?"

"குருவாயூர் போகலைம்மா."

அப்பாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, ஆஸ்பத்திரியில உன்கூட யார் இருந்தா?"

"பார்வதியம்மாள் ஒருநாள் வந்தா" என்றேன்.

"மத்த நாள்?"

அந்த நாட்களில் ஐ.சி.யூ. வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுகூட நான் அழவே இல்லை. இப்போது அவள் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். சாய்நாத் எழுந்து பால்கனிக்குப் போய், கீழே போகிற பஸ்ஸை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ வரவேண்டாம்னு சொல்லிடுவியோன்னு எனக்குப் பயம்" என்றார் அவர்.

"எனக்கு அது இல்லைப்பா விஷயம்." சாதனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தினம் நீங்க 'நன்னா இருக்கேன்'னு சொல்றேள். நானும் அதையேதான் சொல்றேன். சாப்பிட்டேன், தூங்கினேன், வாந்தி நின்னுடுத்து, எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு. நான் யாரோட பொண்ணு? இப்போ சொல்லுங்கோ, நான் சொன்னதையெல்லாம் நீங்க நம்பறேளா?"

அவர் போனைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவள் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தினமும் பார்க்கிற முகம்தான், நானும் இப்போதுதான் கவனித்தேன்.

"நம்பலை" என்றார். "அதான் நேர்ல வரேங்கறேன்."

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

"டாக்டர்கிட்ட நன்னா காட்டிண்டு வாங்கோப்பா" என்றாள். பிறகு, சின்ன வயதில் ஸ்கூல் வாசலில் நின்று கேட்பாளே, அந்தக் குரலில், "சீக்கிரம் வாங்கோ" என்றாள்.