மூன்றரை ஆள்

சம்பங்கி பாதி செத்துவிட்ட செய்தி, திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போனபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

சொன்னவர் ராஜப்பா. தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாயில் நின்று ஆட்களை எண்ணி, கம்பிக் கூண்டான கேஜில் ஏற்றி, மணியடித்துக் கீழே அனுப்புவது அவர் வேலை. ஒரு கேஜுக்குப் பத்து ஆள். பலகையில் எழுதி மாட்டியிருந்தது. ஒன்பது பேரை ஏற்றியவர், பத்தாவதாகக் கால் வைத்த சம்பங்கியைக் கை நீட்டி மறித்தார்.

“எங்கடா ஏர்றே?”

“இன்னாண்ணா கேள்வி இது? வேலைக்கு.”

“ஆபீஸ் செவுத்தப் பாத்தியா?”

“நேத்து நாயித்துக்கெழமை. ஆபீஸ் பக்கம் எனக்கு இன்னா வேலை?”

“போய்ப் பாத்துட்டு வா. செத்தவன மேல கொண்டாந்துதான் எனக்குப் பழக்கம். கீழ எறக்கிப் பழக்கம் இல்ல.”

“அவன் ஏர்னா நாங்க எறங்கிக்கிறோம்” என்றான் கேஜுக்குள் இருந்த ஒருவன். மற்ற எட்டுப் பேரும் இறங்கியே விட்டார்கள்.

சம்பங்கி போய்ப் பார்த்தான்.

ஆபீஸின் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்து மூன்று வரிசையாகப் படம் எழுதியிருந்தது. பெரிய துரையின் யோசனை. லண்டனிலிருந்து வந்த ஒரு புத்தகத்தில் தேசங்களின் கப்பல் கணக்கைக் கப்பலாகவே வரைந்திருந்தார்களாம். எழுத்துத் தெரியாதவனும் ஒரு பார்வையில் கணக்கைப் பிடித்துக்கொள்வானாம். மாதக் கடைசியில் லண்டன் டைரக்டர் ஒருவர் வருகிறார். அவரும் பார்க்கட்டும், கூலிகளும் பார்க்கட்டும், பார்த்து ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று துரை உத்தரவு போட்டார்.

மேல் வரிசையில் தங்கப் பாளங்கள். ஒரு பாளம் ஆயிரம் அவுன்ஸ். நடு வரிசையில் வேலையாட்கள். படத்தில் ஒரு ஆள் என்றால் நூறு ஆள். கீழ் வரிசையில் போன வருஷம் சுரங்கத்தில் செத்தவர்கள். ஒரு ஆள் பத்து ஆள். செத்தவர்கள் முப்பத்தைந்து பேர். ஆகவே மூன்றரை ஆள்.

அந்த அரை ஆள் சம்பங்கி.

சந்தேகத்துக்கு இடமில்லை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. உதடு மூடாத முன்பல். எட்டாம் லெவலில் கூரை சரியாமல் முட்டுமரம் கொடுத்துக் கொடுத்து ஒரு பக்கம் தாழ்ந்துபோன தோள். மார்பு, வயிறு, இடுப்பு. இடுப்புக்குக் கீழே வெறும் சுண்ணாம்பு.

சுவருக்குப் பக்கத்தில் தடியோடு ஒரு காவல்காரன் நின்றான். பாளங்களுக்கு அவ்வளவு பளபளப்பு வந்துவிட்டது. துரை காவல் போட்டுவிட்டார். செத்தவர்களுக்குக் காவல் இல்லை.

படம் எழுதியவன் ஏசுபாதம். கல் தள்ளும் வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிறவன். மாதா கோயில் சுவரில் பன்னிரண்டு அப்போஸ்தலர்களையும் எழுதியவன் அவன்தான். கம்பெனி கட்டிக்கொடுத்த தட்டி லைனில் சம்பங்கிக்கு அடுத்த வீடு. வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான்.

“பாதம், இன்னா வேலை செஞ்சி வச்சிக்கிறே?”

“ஏன், நல்லா இல்லியா?”

“மூஞ்சி நல்லாத்தான் கீது. அதுக்கு என் மூஞ்சிதான் கெடச்சிதா?”

“ரைட்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? தலைக்கு ஒரு வட்டம் போடு, ஒடம்புக்கு ஒரு கோடு போடுன்றாரு. வட்டம் எங்கனாச்சும் சாவுமாப்பா? சாவணும்னா மூஞ்சி வேணும். எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச மூஞ்சி பன்னெண்டு. அதுல மூணு எழுதிட்டேன். இராயப்பரு, சந்தியாகப்பரு, தோமையாரு. அப்புறமா வந்து, இன்னும் ஒரு பாதி ஆளுன்றாரு. அப்போஸ்தலர இடுப்போட வெட்றதா? பாவம் இல்லியா?”

“என்னைய வெட்லாமா?”

“வூட்டாண்ட காயிதத்துல வரைஞ்சி பாக்கறப்ப நீ எதிர்ல ஒக்காந்து சுருட்டு குடிச்சிக்கினு இருந்தே. அசையவே இல்ல.”

“அழிச்சிடு.”

“செவுரு கம்பெனியுது. ரைட்டரக் கேளு.”

ரைட்டர் எட்மண்ட் கணக்கு ஆபீஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கோட்டும், கோட்டின் மேல் மடித்த துண்டும். மரியாதையான மனிதர், யாரையும் நிற்கவைத்துத் திட்டமாட்டார்.

“ரைட்டரய்யா, நான் சாவல.”

எட்மண்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியுது.”

“செவுத்துல கீறேன்.”

“அது நீ இல்லப்பா. அது அஞ்சு பேரு.”

சம்பங்கி, பாதி செத்தோம் என்றுதான் வந்திருந்தான். ஐந்து பேராகச் செத்தது புதுச் செய்தி.

“அழிச்சிடச் சொல்லுங்கய்யா.”

“அழிச்சா அஞ்சு பேரு பொழச்சி வந்துட்டாங்கன்னு அர்த்தம். வந்தாங்களா?”

“வரல.”

“அப்ப டைரக்டர் தொரைக்குப் பொய் சொல்லச் சொல்றியா?”

“கால மட்டுமாச்சும் எழுதச் சொல்லுங்க. முழு ஆளா இருந்துட்டுப் போறேன்.”

“கால் எழுதணும்னா இன்னும் அஞ்சு பேரு செத்திருக்கணும். வருஷம் முடிஞ்சிபோச்சே” என்றார் எட்மண்ட். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

“சரி, மூஞ்சிய மட்டும் மாத்திக்கலாமா? நெஜமா செத்தவங்க யார்னா ஒருத்தர் மூஞ்சி?”

எட்மண்ட் யோசித்தார். “கணக்கு மாறாது. மாத்திக்கோ. அந்த வூட்ல சம்மதம் கேட்டுக்கோ. ஆனா ஒண்ணு. கீழ எறங்காதவனுக்கு நான் சனிக்கெழமை வரைக்கும்தான் பாப்பேன். சித்தூர் பக்கத்துலருந்து நேத்து ரயில்ல நூறு பேரு வந்து மாரிக்குப்பத்துல எறங்கிட்டானுங்க. உன் வேலை நம்பர் பில்லைய அதுல ஒருத்தனுக்குக் கொடுத்துடுவேன். பில்லை போனா தட்டி வூடும் போயிடும்.”

ரத்தினம்மாவின் புருஷன் போன வருஷம் பாறை வெடித்துச் செத்தவன். அவள் அரைவை ஆலைக்கு வெளியே மற்றப் பெண்களோடு உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தாள். சுவரை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். செத்தவர்களின் பெண்டாட்டிகள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே போய் ஒவ்வொரு முகமாகத் தேடிவிட்டு வந்திருந்தார்கள்.

“மூணு தாடிக்காரனுங்க நிக்கிறானுங்க” என்றாள். “போர்வை வேற. எவனையும் எனக்குத் தெரியாது.”

“உங்க வூட்டுக்காரர் மூஞ்சிய என் எடத்துல எழுதச் சொல்றேங்க்கா. ஏசுபாதத்துக்கு அவர நல்லா நெனப்பு கீது.”

சுத்தியல் நின்றது. “முழுசாவா?”

“பாதிதாங்க்கா.”

“எங்க வூட்டுக்காரரு முழுசாப் போனாருடா. பாதிய நான் வாங்கிக்க மாட்டேன். வேற எடம் பாரு.”

சுத்தியல் மறுபடி விழுந்தது. சம்பங்கி இன்னும் நாலு வீட்டில் கேட்டான். பாதியை யாரும் வாங்கவில்லை.

அன்று ராத்திரி அவன் பெண்டாட்டி வெங்கடம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் களியைத் தட்டில் வைத்தாள்.

“செவுத்துல எந்தப் பாதி கீது?”

“மேல்பாதி.”

“அப்ப செத்தது மேல்பாதிதானே? வுடுய்யா. அது எந்தக் காலத்துல வேலை செஞ்சிது?”

சம்பங்கி சாப்பிடாமல் எழுந்தான். அவள் கை பிடித்து உட்காரவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தட்டி வீட்டின் மூங்கிலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “வூட்டைப் புடுங்கிடுவானுங்களா?” என்று கேட்டாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய், புதன், வியாழன். தினமும் போனான். தினமும் ராஜப்பா கையை நீட்டினார். வேறு சுரங்கத்தில் கேட்டுப் பார்க்கலாமென்று நந்திதுர்க் வரை நடந்தான். செய்தி அவனுக்கு முன்னால் அங்கே நடந்து போயிருந்தது. ராபர்ட்சன்பேட்டை என்ற புது ஊருக்கு அப்போதுதான் கயிறு பிடித்து முளையடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே முளையடிக்கவாவது ஆள் வேண்டுமா என்றான். மேஸ்திரி அவன் முகத்தை உற்றுப் பார்த்து, “நீ அந்த அரை ஆளு இல்ல?” என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏசுபாதம் பிரஷும் சட்டியுமாக ஆபீஸ் பக்கம் போவதைச் சம்பங்கி பார்த்தான்.

“எங்க?”

“சித்தூர்க்காரனுங்க நூறு பேரையும் பதிஞ்சிட்டாங்க. நடு வரிசைல ஒரு ஆளு கூட்டணும்.”

சம்பங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. ஏசுபாதத்துக்குப் புரிந்தது.

நடு வரிசையில் அதுவரை முப்பது ஆட்கள். முப்பது முகத்துக்கு எங்கே போவது என்று ஏசுபாதம் எல்லோரையும் ஷாஃப்டைப் பார்த்து நடக்கவிட்டு முதுகை மட்டும் எழுதியிருந்தான். முப்பது முதுகு. முப்பத்தொன்றாவது ஆள் மட்டும் திரும்பி நின்றான். புருவத்தில் தழும்பு, முன்பல், தாழ்ந்த தோள். இடுப்பு, முழங்கால், பாதம். கால்விரல் பத்துக்கும் நகம்.

எட்மண்ட் வந்து பார்த்தார். “ஏன் இவன் மட்டும் இந்தப் பக்கம் பாக்கறான்?”

“புது ஆளுங்கய்யா. வழி தெரியாம முழிக்கிறாங்க.”

எட்மண்டுக்கு அது நியாயமாகப் பட்டது.

சனிக்கிழமை காலை ராஜப்பா ஷாஃப்ட் வாயில் காத்திருந்தார். வரும் வழியில் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். விரலை மடக்கினார்.

“உயிரோட நூறு. செத்தது அஞ்சு. மீதி தொண்ணூத்தஞ்சு. இன்னா?”

“சரிதாண்ணா.”

“அப்ப தாராளமா ஏர்லாம்.”

கேஜுக்குள் இருந்தவர்கள் இதைக் கேட்டார்கள். கல் விழுந்தாலும் கயிறு அறுந்தாலும், கைவசம் தொண்ணூற்றைந்து வைத்திருப்பவன் கூட இருந்தால் முதலில் அவனிடமிருந்துதான் கழியும். திங்கட்கிழமை இறங்கி ஓடியவர்களே இப்போது கையைப் பிடித்து இழுத்தார்கள்.

“சம்பங்கிண்ணா, எங்ககூட வாங்க!”

“யோவ், தள்ளிக்கோ, அண்ணனுக்கு எடம் வுடு!”

சம்பங்கிக்குக் கண் கலங்கியது. காலைத் தூக்கி வைத்தான். மறுபடி அதே கை மறித்தது.

“இரு” என்றார் ராஜப்பா. “பலகைல இன்னா போட்டுக்கீது?”

“பத்து.”

“நீ எத்தினி?”

“தொண்ணூத்தஞ்சு” என்றான் சம்பங்கி. ராஜப்பா கெட்டவர் இல்லை. சட்டம் என்றால் சட்டம். பத்துக்கு மேல் ஏற்றி ஏதாவது ஆனால் அவர் தலைதான் உருளும். வெகு நேரம் யோசித்து வழியும் கண்டுபிடித்தார். சம்பங்கியைப் பத்துப் பத்தாக இறக்குவது. ஒன்பது தடவை அவன் மட்டும். பத்தாவது தடவை ஐந்துதான் மிஞ்சும். மீதி இடத்தில் வேறு ஐந்து பேர் ஏறலாம்.

“கீழ போனவன் ஏண்ணா மேல வரணும்? அங்கியே இருந்துக்கிறேனே” என்றான் சம்பங்கி.

“மீதி எம்பத்தஞ்சு இங்க கீதே. அத்த யாரு எறக்குறது?”

சம்பங்கி தன்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

முதல் தடவை இறங்கினான். இருட்டு, ஈரம், காதடைப்பு. எட்டாம் லெவலில் கேஜ் நின்றது. தரையில் ஒரு காலை வைத்தான். ஏறினான். மேலே வெளிச்சம், வரிசையில் நிற்கும் ஷிஃப்ட் முழுவதும் அவனைப் பார்த்தது. மறுபடி இறங்கினான். எஞ்சின் கொட்டகையிலிருந்து ஆள் ஓடிவந்து, கேஜில் என்னதான் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டான். “ஆளுங்க” என்றார் ராஜப்பா. நாலாவது தடவைக்குப் பிறகு வரிசையில் இருந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழாவதில் சிலர் தூங்கினார்கள். பத்தாவது தடவைக்கு அந்த ஐந்து இடத்துக்காக அடிதடி நடந்து, ஒருவனுக்கு உதடு கிழிந்தது. அந்த உதடு கிழிந்தவனும் ஏறினான். மற்றவர்கள் சாதாரண ஆட்களாகப் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

சம்பங்கி மெழுகுவத்தியை ஏற்றினான். ஒரு முட்டுமரத்தைத் தூக்கி நிறுத்தினான். ஆப்பு அடித்தான். ஷிஃப்ட் முடிந்த மணி அடித்தது.

பில்லை பிழைத்தது. வீடு பிழைத்தது. இனி மேலே போகவேண்டியதுதான்.

கேஜ் வாயில் கூட்டம். எல்லோருக்கும் பசி, எல்லோருக்கும் எரிச்சல். கீழ் மணிக்காரன் சம்பங்கியை அதுவரை பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருந்தான். கேஜுக்குள் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் வால்டர். தொப்பையோடு சேர்த்து அவன் ஒன்றரை.

“நீதானே அந்தத் தொண்ணூத்தஞ்சு?” என்றான் மணிக்காரன். “நீ கடைசியா வா. இவங்கள்லாம் போவட்டும். உன்ன ஏத்தி முடிக்கப் பொழுது விடிஞ்சிடும்.”

“இதுல எடம் கீதே.”

“அர ஆள் எடம்தான் கீது.”

சம்பங்கி ஷாஃப்டை அண்ணாந்து பார்த்தான். எங்கோ உச்சியில் ஒரு காசளவு வெளிச்சம். பத்துத் தடவை. அதற்குள் களி ஆறிவிடும்.

“நான் அர ஆள்தாண்ணா” என்றான்.

“இன்னா?”

“சந்தேகம்னா செவுத்துல போய்ப் பாத்துக்கோ.”

கேஜுக்குள் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வால்டர் மூச்சை உள்ளே இழுத்துத் தொப்பையைக் குறைத்துக்கொண்டான். “ஏறித் தொலைப்பா. வூட்டுக்குப் போவணும்.”

சம்பங்கி ஏறினான். தலைக்கு மேலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கால்கள் இரண்டையும் வயிற்றோடு மடக்கித் தூக்கிக்கொண்டான். இடுப்புக்குக் கீழே காற்றுதான் இருந்தது.

மணிக்காரன் குனிந்து பார்த்தான். திருப்தியாகி மணியடித்தான்.