நாலாவது நட்டு

தாவீதைக் கூடத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மனைவி ஞானம்மா, பாயில். கால்மாட்டில் பக்கத்து வீட்டு சாராள், விசிறியோடு. வாசற்படியில் தாவீதின் தம்பி மோசஸ், மடியில் பைபிள். வெளியே பிக்அப்பின் பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருந்தவன் கலியன், அந்த வண்டிக்கு மாற்று டிரைவர். ஞானம்மா ஒவ்வொருவரையும் இரண்டு தடவை பார்த்தாள். யாரைப் பார்த்தாலும் கடைசியில் கண் அந்த வண்டிக்கு அடியில்தான் போய் நின்றது.

காலை எட்டு மணிக்கு அங்கே இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

தொழிற்பேட்டைக்கு இரும்புத் தகடு ஏற்றி ஏற்றி வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது. புதுப் பட்டை போட்டு நாலு நட்டை இறுக்கிவிட்டால் மத்தியான லோடுக்குப் போகலாம் என்று அடியில் புகுந்தார். புகுந்துவிட்டால் தாவீது பேசமாட்டார். நட்டுகளை வாயில் அடக்கிக்கொள்வது வழக்கம். கேட்ட கேள்விக்கு ஸ்பானரால் வண்டியின் சேசிஸ் சட்டத்தில் தட்டுவார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் பாதிச் சண்டையை ஞானம்மா அந்தத் தட்டுகளோடுதான் போட்டிருக்கிறாள்.

காபி டம்ளரைப் பாதங்களருகே வைத்துவிட்டுக் கேட்டாள்: "கிரேஸு உண்டாயிருக்குதாம். இன்னும் எத்தினி நாளைக்கு இந்த வீம்பு? வரச்சொல்லி லெட்டர் எழுதவா?"

மூன்று வருஷமாக இதே கேள்விக்கு இரண்டு தட்டுகள்தான், பலமாக. மகள் கிரேஸ் ராஜவேலுவைக் கட்டிக்கொண்டு அத்திப்பட்டுக்குப் போன அன்றே, "என் பொணத்தக்கூட அவ பாக்கக் கூடாது" என்றவர்.

டக்.

ஞானம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தாள். வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு உள்ளே ஓடிக் காகிதம் தேடினாள். ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பி வந்தாள். பிரசவத்துக்கு எந்த அறை, தொட்டில் எங்கே கட்டுவது என்று அரைமணி நேரம் அந்தப் பாதங்களோடு பேசினாள். காபியில் ஆடை கட்டியிருந்தது. ஓர் எறும்பு கட்டைவிரலில் ஏறியது. விரல் அசையவில்லை.

கலியன் வந்து இழுத்தான். டாக்டர் வந்து, மார் அடைத்துவிட்டது, உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்.

"நாலு மணிக்கு அடக்கம், அண்ணி," என்றான் மோசஸ். "அந்தப் பொண்ணுக்குச் சொல்லியனுப்ப வாணாம். அண்ணன் வாயால சொன்ன வார்த்தை."

"அவுரு மனசு மாறிட்டாரு தம்பி. காலைல கேட்டேன். ஒரு தட்டு தட்டுனாரு."

மோசஸ் வாசல் பக்கம் திரும்பினான். "கலியா, நீதான இழுத்த? ஸ்பானரு கையிலயா இருந்துது?"

கலியன் தலை நிமிரவில்லை. "கையில இல்லண்ணா. ஆக்சிலுக்குக் கீழ மண்ணுல கெடந்துது. வாயிலதான் ஒரு நட்டு. பல்ல நெம்பித்தான் எடுத்தேன்."

சாராளின் விசிறி நின்றது. கையிலிருந்து நழுவுகிற ஸ்பானர் ஆக்சிலில் பட்டாலும் ஒரு டக்தான். ஞானம்மாவுக்கு அழுகைகூட வரவில்லை.

"கேட்டீங்களா அண்ணி?"

"போதும்பா," என்றாள் சாராள். "செத்தவரே வுட்டுட்டுப் பூட்டாரு. அவுரு வீம்ப நீ இன்னாத்துக்குத் தூக்கிக்கினு குந்தியிருக்க?"

ஞானம்மா எழுந்துபோய் மேசையிலிருந்த காகிதத்தை எடுத்தாள். கும்மிடிப்பூண்டி, 16.8.74 என்று தேதி போட்டிருந்தது. கீழே, 'அன்புள்ள கிரேஸுக்கு, அப்பா உன்னை வரச்சொன்னார்.' வாயால் சொன்னால் கிரேஸ் நம்பமாட்டாள்; அம்மாவின் கையெழுத்தை நம்புவாள். பேனாவை அந்த வரியின்மேல் கொண்டுபோனாள். அடிக்கவில்லை. 'உடனே வா' என்று மட்டும் சேர்த்தாள். உறையில் போட்டு, நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினாள்.

"கலியா, வண்டி போவுமா?"

"ஒரு நட்டு பாக்கி, அக்கா. அத்த மாட்டிட்டா போவும். ரெண்டு மணிக்குள்ள கூட்டியாந்துடறேன்."

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பைக்குள்ளிருந்த நட்டை எடுத்து வேட்டியில் துடைத்தான். மண்ணில் கிடந்த ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் புகுந்தான். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

முதல் டக் கேட்பதற்குள் ஞானம்மா இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். வண்டி புகை விட்டுத் தெருமுனை திரும்பும்வரை கையை எடுக்கவில்லை.