சத்தம் வராத பிரிண்டர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என்னுடைய பழைய பிரிண்டர் தாளைக் கடித்துத் துப்பத் தொடங்கியதால் உள்துறைமுகப் பக்கமுள்ள ஒரு கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், "இது சத்தம் போடுமா?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விலையைக் கேட்பதற்கு முன்பே சத்தத்தைக் கேட்கும் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. எதுவும் வாங்காமல் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்க வரிகள்:

மாலை வெயிலில் துறைமுகம் உருக்கிய ஈயத்தைப் போல —

(வேண்டாம். பயம் வந்தால் நான் கடலை வர்ணித்துத் தப்பப் பார்ப்பேன்.)

தங்கையின் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பிரிண்டர் வாங்கப் புஸ்பராணி —

(பொய்யில்லை. ஆனால் இது ஊருக்குச் சொல்லும் காரணம். ரீச்சர்மார் பாடக்குறிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பி, அச்செடுத்து ஒட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். இந்தப் பரிசில் எவரும் குறை காண முடியாது.)

புஸ்பராணிக்குப் பயமாக இருந்தது.

இது நிற்கட்டும்.

3

புஸ்பராணி இருப்பது அன்புவழிபுரத்தில். ஒரே தங்கை நிவேதிகா கலியாணம் முடித்துக் கப்பல்துறை என்ற ஊரில் இருக்கிறாள். மகளையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டுப் போய்விடுவதென்று நிவேதிகா முடிவெடுத்துவிட்டாள். அதற்கு மகளின் பிறப்புச் சான்றிதழும் தன் விவாகச் சான்றிதழும் வேண்டும், பிரதியாகவாவது. இரண்டும் பூட்டிய அலுமாரிக்குள். திறப்பு கணவன் வினோதனிடம். அவன் குளிக்கும் நேரத்தில் மட்டும் அது கட்டிலில் கிடக்கும்.

அவன் தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் எடுத்து, பிரதி செய்து, வைத்துப் பூட்ட வேண்டும்.*

(* போனில் படம் பிடிக்கலாமே என்பீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அவளுடைய போனை வாங்கிப் பார்ப்பான், அழித்தவற்றையும் சேர்த்து. சந்திக் கடையில் போட்டோக்கொப்பி எடுக்கலாமே? கடைக்காரன் அவனோடு கிரிக்கெட் விளையாடுகிறவன். பதிவுக் கந்தோரில் புதிதாகக் கேட்கலாமே? வினோதன் வேலை செய்வதே அங்கேதான். எல்லாக் கதவையும் நானே சாத்திவிட்டேன் போல இருக்கிறது. இல்லை, அவை சாத்தித்தான் இருந்தன.)

4

வினோதனை எனக்கு நம்ப முடியவில்லை. குடிக்காதவன். சத்தமாகக் கதைக்காதவன். தன் சேர்ட்டைத் தானே அயன் பண்ணுகிறவன். இவனிடமிருந்து ஏன் ஒருத்தி ஓட வேண்டும்?

ஒருநாள் நிவேதிகா சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டோ பிடித்து அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே அவன் வந்தான். இடியப்பம் சாப்பிட்டான், சொதியைப் புகழ்ந்தான், அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த தடவை கண்டபோது, அந்தச் சித்திரை வெக்கையில், அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்று நான் எழுதவில்லை. புஸ்பராணியும் சட்டைக் கையை உயர்த்திப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம்.

5

கடை வாசலில், எங்கள் ஊர்த் தெருவெல்லாம் திரியும் மான்களில் ஒன்று காட்போட் பெட்டியைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. புஸ்பராணி அதை விலத்தி உள்ளே போகிறாள். கடைக்காரருக்குத் தாஹிர் என்று பெயர் வைத்திருக்கிறேன்; புஸ்பராணிக்கு அவர் 'நானா', அண்ணன் முறை. நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது.

"சத்தம் போடாத பிரிண்டர் இருக்கா நானா?"

"சத்தமே வராத ஒண்டு இருக்கு. பழுதாகி மேல கிடக்கு. தரவா?"

"பகிடி விடாதேங்கோ."

"சரி, சரி. இந்தா, மை ஊத்துற டாங்க் உள்ளது. பிரிண்டும் வரும், ஸ்கேனும் வரும், கொப்பியும் வரும். மூடியத் திறந்து தாள வைங்க, இத அமத்துங்க. கொம்பியூட்டரே வேணாம்."

இயந்திரம் தொண்டையைச் செருமியது, முனகியது, ஒரு தாளைத் தள்ளியது.

"பக்கத்து அறையில பைப் தண்ணி ஓடினா, இந்தச் சத்தம் கேக்குமா?"

"குளிச்சிக்கிட்டா பிரிண்ட் அடிக்கப் போறீங்க?"

புஸ்பராணி கொஞ்சம் பிந்திச் சிரித்தாள்.

"இதிலயே வைஃபை உள்ளதும் இருக்கு தங்கச்சி. வீட்டில எல்லாற்ற போனிலயும் தெரியும், என்ன அடிக்குது, மை எவ்வளவு மிச்சம், எல்லாம்."

"எல்லாற்ற போனிலயுமா?"

"ஓம். அதுதானே வசதி!"

"அது இல்லாததைத் தாங்கோ."

"வசதி வேணாம் எண்டு கேட்டு வாங்குற ஆள இண்டைக்குத்தான் காணுறன்."

வைஃபை இல்லாததற்கு விலையும் குறைவு. கொண்டுவந்த காசுக்குள் அடங்கியது. புஸ்பராணிக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

6

"வொறண்டிக்குப் பேர் போடணும். பாவிக்கிற வீட்டு விலாசமும் போன் நம்பரும் சொல்லுங்க."

புஸ்பராணி சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. சொன்ன நம்பர் வினோதனுடையது.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். காஸ் சிலிண்டருக்கும், கிளினிக்குக்கும், பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வீட்டின் நம்பரென்றால் அந்த வீட்டு ஆம்பிளையின் நம்பர். தங்கை கலியாணம் முடித்த நாளிலிருந்து புஸ்பராணியின் வாய்க்கு அது பாடம். நிவேதிகாவின் நம்பரோ அக்காவின் போனில் வெறும் பெயராகத்தான் இருக்கிறது.

(அந்த இடத்தில் வேறு இலக்கங்களை எழுதிப் பார்த்தேன். அழித்தேன். எத்தனை தடவை எழுதினாலும் அவள் வாயில் அதுதான் வந்தது.)

7

"கப்பல்துறையா? நானே கொண்டு போய்ப் பூட்டித் தாறன். வழி கேப்பம்."

"வேண்டாம் நானா, நான் கொண்டு போறன்!"

"பாரம் தங்கச்சி." தாஹிர் ஏற்கெனவே அந்த நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "ஹலோ, கப்பல்துறை வீடுதானே? பிரிண்டர் ஒண்டு வருது உங்களுக்கு. அக்கா ஒராள் நிண்டு தெரிஞ்செடுத்தா. வைஃபை வேணாமாம், கொம்பியூட்டர் இல்லாமலே கொப்பி எடுக்கும், பைப் தண்ணி ஓடினா சத்தம் கேக்கக் கூடாதாம். நல்ல பகிடி!"

அந்தப் பக்கத்தில் வினோதன். மெல்லிய குரல்.

"அப்பிடியா. அக்காட்ட ஒருக்காக் குடுங்கோ."

8

முடிவுகள்:

போனில் சார்ஜ் இறங்கிவிடுகிறது. (இது எனக்காக நான் எழுதியது. அவளுக்கு ஒரு பிரயோசனமுமில்லை.)

நிவேதிகா கடதாசியொன்றும் இல்லாமலே மகளோடு பஸ் ஏறிவிட்டாள். (நம்ப ஆசை.)

வினோதன் போனை வைத்துவிட்டு எழும்பி, அறைக் கதவை மெதுவாகச் —

இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

இப்போது போன் புஸ்பராணியின் கையில் இருக்கிறது. "என்னத்துக்கு அக்கா, சத்தம் கேக்கக் கூடாது?" என்று கேட்கிறான். கோபமில்லாமல். பின்னால் ஒரு பாத்திரத்தை நிவேதிகா கழுவுவது கேட்கிறது. அவள் அங்கேதான், அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

உடனே பதில் வர வேண்டும். சிரித்தபடி வர வேண்டும். அவன் நம்ப வேண்டும். நான் எழுதிப் பார்த்த பதில்கள் எல்லாம் ஒருத்தி கதிரையில் இருந்து யோசித்து எழுதியவை என்று தெரிகின்றன. அவன் கண்டுபிடித்துவிடுவான்.

இதை வாசிப்பவர்களில் இப்படியொரு வீட்டில் இருந்தவர், இருப்பவர் யாராவது இருக்கலாம். அப்படியான குரலுக்கு ஒரு நொடிக்குள் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சொல்லுங்கள். அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.