அழகான விழித்திரை

ஜீனத்துக்குத் திமிர் பிடித்துவிட்டது என்பது பூந்தமல்லியில் அவள் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருமனதாக எடுத்த முடிவு. கல்யாண மண்டபத்தில் கணவனின் அக்கா ஷாகிதா எதிரே வந்து நின்றபோது, ஜீனத் யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாள். புதுக் கார் வாங்கிய பிறகு நடந்தது என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

உண்மையில் கொஞ்ச காலமாகவே, எதை நேராகப் பார்த்தாலும் நடுப்பகுதி மட்டும் அவளுக்கு மங்கியது. எதிரே நிற்பவரின் தோடு தெரியும், புடவைக் கரை தெரியும், முகம் கலைந்துபோகும்.

காட்டுப்பாக்கத்துக் கண் டாக்டர் விழித்திரையைப் படம் எடுத்து, இவ்வளவு அழகான விழித்திரையைப் பார்த்து நாளாயிற்று என்று பாராட்டினார். பாராட்டோடு ஒரு கண்ணாடியும் விற்றார். அடுத்த டாக்டர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, மனக்கவலையாக இருக்கலாம், காலையில் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் நடந்து பாருங்கள் என்றார். கணவன் நஜீர் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினான். ஷாகிதா அதைக் கோர்ட்டுத் தீர்ப்புபோல வாங்கிப் பார்த்தாள்.

"கண்ணு நல்லாத்தான் கீது. நம்மளப் பாக்கத்தான் அதுக்குப் புடிக்கல."

ஏரியோரம் நடந்ததில் ஜீனத்துக்கு எடை குறைந்தது. பார்வையும் குறைந்தது.

கடைசியில் நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அருள்மொழி என்ற டாக்டரம்மா அந்தப் படத்தை ஓரமாக வைத்தார். விழித்திரை எப்படி இருக்கிறது என்று படம் காட்டும், வேலை செய்கிறதா என்று காட்டாது என்றார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் மேல் மெல்லிய மின்கம்பி ஒன்றைப் பொருத்தி, கறுப்பும் வெள்ளையுமாக அறுகோணங்கள் மின்னும் திரையைப் பார்க்கச் சொன்னார்கள். வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின்துடிப்பு கணினியில் வரைபடமாக விரிந்தது. நடுவில் மலைபோல எழ வேண்டிய இடம் தட்டையாகக் கிடந்தது. நுணுக்கமான ஸ்கேனிலும் அதே இடத்தில் ஒரு மெல்லிய அடுக்கு மங்கியிருந்தது.

பரம்பரையாக வரும் அபூர்வ நோய், இப்போதைக்கு மருந்தில்லை, ஆனால் பார்வை முழுதாகப் போய்விடாது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். ஜீனத் அழுதாள். டாக்டர் தேற்ற வந்தார்.

"நோவுக்கு அழுவல டாக்டர். நான் பொய் சொல்லலன்னு ஒரு மிஷினாவது சொல்லிச்சே, அதுக்கு."

பக்கத்தில் நஜீர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீடு வந்து சேர்வதற்குள் நிமிர்ந்துவிட்டான். எங்கோ யாரோ ஒருவருக்கு வரும் நோய் தன் வீட்டைத் தேடி வந்திருக்கிறது என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னான். பார்க்க வந்தவர்கள் எதிரே நின்று, நான் யார் சொல் பார்க்கலாம் என்று ஜீனத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். குரலை வைத்தே அவள் சொல்லிவிட, ஏமாற்றத்தோடு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஷாகிதாவும் வந்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஜீனத் பார்வையைச் சற்று விலக்கி, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு நாத்தனாரின் முகம் ஓரளவு தெரிந்தது. சந்தோஷத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஷாகிதா தம்பி பக்கம் திரும்பினாள். "இன்னாடா இது, ஊடு தேடி வந்தவள இப்படி மொறைச்சிகினு கீறா?"