ஒரு மணி நேரம்தான்

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்று கோவிந்தராசு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியபோது, அதை மறுக்க எவருக்கும் வாய் வரவில்லை. ஏதோ ஓர் இணையப் பக்கத்திலிருந்து தொலைவையும் பறக்கும் நேரத்தையும் படம்பிடித்துப் போட்டிருந்தார். அதன் கீழே ஒரு வரி: ‘ஆகவே, யாமினி வெள்ளிக்கிழமைதோறும் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம்.’

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மா, கோலாலம்பூரில் செந்தூல் வீட்டில் இருந்தார். வார நாள்களில் பணிப்பெண் உண்டு. சனி, ஞாயிறுகளில் ஆள் இல்லை. மகன் கோவிந்தராசு இருப்பது பக்கத்துக் கிள்ளானில். மகள் யாமினி இருப்பதோ எல்லை தாண்டி, சிங்கப்பூரின் பொங்கோலில். பாலர் பள்ளி ஆசிரியை. மாதம் ஒரு முறை தவறாமல் போய் வருபவள்தான். ஆயினும் எல்லா வாரமும் என்றால், அவளுக்கென்று ஒரு ஞாயிறுகூட மிஞ்சாது. அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசி அறியாத அவள், ‘நேரில் பேசலாம், தயவுசெய்து இங்கே வாருங்கள் அண்ணே’ என்று பதில் அனுப்பினாள்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன அண்ணன், பரிமாறுபவர் பல முறை வந்து யாமினியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார்.

“என்னா கூட்டம் லா இமிக்ரேஷன்ல! அப்புறம் எம்ஆர்டி ரயில் மாறி மாறி... தண்ணி கொடும்மா.”

இலை போட்டுச் சோறும் விழும்வரை பொறுத்திருந்து, மிகவும் பணிவாகக் கேட்டாள்.

“வீட்டுலேர்ந்து எப்பண்ணே கிளம்புனீங்க?”

“இருட்டோட கிளம்பிட்டேன். ரொம்ப முன்னாடியே போய் நிக்கணுமாம். அப்புறம் பாத்தா ஃபிளைட் லேட்டு.”

“ஒரு மணி நேரம்தானேண்ணே?”

சோற்றைப் பிசைந்த கை நின்றது. “கிண்டலா?”

“இல்லண்ணே. இதத்தான் வாராவாரம் போக ஒரு தடவ, வர ஒரு தடவ நான் செய்யணும்னு சொல்றீங்க. நான் செய்ய மாட்டேன்.”

சொல்லிவிட்டாள். சொன்னதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் வரவில்லை.

“பொம்பளப் புள்ள பாத்துக்குற மாதிரி வருமா? கிள்ளான்லேர்ந்து செந்தூல் போறதுக்குள்ள ஜாம்ல எனக்கு உசுரே போயிடும்.”

“சனிக்கிழம காலையில என்னண்ணே ஜாம்? அப்படியே இருந்தாலும், ஜாம்ல யாரும் பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணனின் முகம் இறுகியது.

“அப்ப அம்மாகிட்ட நீயே சொல்லிடு. பெத்தவளப் பாக்க முடியாதுன்னு.”

அவள் அஞ்சுவாள் என்று எண்ணித்தான் சொன்னார். அஞ்சவும் செய்தாள். ஆயினும் இடக்கையால் கைபேசியை எடுத்து அம்மாவை அழைத்து, இருவருக்கும் கேட்கும்படி மேசைமீது வைத்தாள்.

“அம்மா, அண்ணன் பக்கத்துலதான் இருக்காங்க. நான் எப்பவும் போல மாசத்துக்கு ஒருக்கா வர்றேன். மத்த வாரமெல்லாம் அண்ணன் வருவாங்க.”



“அவன் வேலைக்குப் போற புள்ள...” என்று இழுத்தார் அம்மா.

“நானும் வேலைக்குத்தாம்மா போறேன்.”

“சரி, அவன் சாப்பிட்டானா?”

“சாப்பிடுறாங்கம்மா. நல்லாச் சாப்பிடட்டும். சனிக்கிழம உங்களுக்கு அவங்கதான் சமைக்கணும்.”

கோவிந்தராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“என்னா சமைப்பானாம்?” என்று அம்மா முந்திக்கொண்டார். அந்தக் குரலில் கவலையைவிட ஆவலே மிகுந்திருந்தது.